ஏழு தரம் கழுவவேண்டிய கற்றாழை

அந்தச் சனிக்கிழமை வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்கிறேன்.

அம்மா. சமையலறை வாசலில், கதிரையில்.

அக்கா. பெரியம்மாவின் மகள். அம்மாவின் கால்களுக்கு நடுவில், நிலத்தில். தோளில் பழைய துவாய்.

மாமா. அம்மாவின் தம்பி. சோபாவில். அதுதான் அவருடைய கட்டிலும்.

அப்பா. அறைக்குள் நித்திரை. சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிவிட்டு வந்தவர்.

முன்வீட்டு ஜமெய்க்கா அன்ரி. அவர் எங்கள் வீட்டில் இல்லை. ஆனால் அவர் தந்த கற்றாழை இலை இருந்தது. அதையும் ஓர் ஆளாக எண்ணத்தான் வேண்டும்.

கடைசியாக நான். வயது பதினொன்று. கோப்பை கழுவுகிற சிங்கடியில். கையில் கத்தி.

பயப்படாதீர்கள். இலை வெட்டுகிற கத்தி.

இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் வளர்ந்த என் வயதுக்காரருக்கு அந்த வீடுகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பதினான்காம் மாடி. இரண்டு அறை. ஐந்து பேர். எண்பத்தாறாம் ஆண்டு. எங்கள் ஆட்கள் மாடிக்கு ஒரு வீடு இருந்தால் அதிகம். எலிவேற்றரில் ஒருவரை ஒருவர் கண்டால் வீடு வரைக்கும் கதைத்துக்கொண்டே வருவார்கள்.

எனக்குப் படிப்புக் குறைவு. ஊரில் மூன்றாம் வகுப்பு. இங்கே பத்தோடு நிறுத்திவிட்டு வேலைக்குப் போனேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விசயத்தில் பிழை இல்லை.

குளிர் காலத்தில் வெளியே பனி, உள்ளே ஹீற்றர். இரண்டுக்கும் நடுவில் எங்கள் தலை. கம்பளித் தொப்பியைக் கழற்றினால் தலைமயிர் சடசடவென்று எழும்பி நிற்கும். மூக்குக்குள் இரத்தம் வரும். உதடு வெடிக்கும். அம்மா ஈரத் துவாயை ஹீற்றருக்கு மேல் விரித்துவிடுவார். ஒரு மணித்தியாலத்தில் அது அப்பளம் போல ஆகிவிடும்.

தேங்காய் எண்ணெய்ப் போத்தல் ஜன்னல் கட்டில் நின்றது. முதல் குளிருக்கே அது வெள்ளையாக இறுகிவிட்டது. கவிழ்த்தால் ஒரு துளி விழாது.

“அக்கா, உது எண்ணெயோ, மெழுகுதிரியோ?” என்று மாமா அம்மாவைக் கேட்டார். “திரி ஒண்டு வைச்சால் கோயிலுக்குக் குடுக்கலாம்.”

“உனக்கென்னடா. நீ எண்ணெய் வைக்கிற வேலை முடிஞ்ச ஆள்.”

மாமாவுக்கு முப்பத்திரண்டு வயது. தலை வழுக்கை. அவர் அதைத் தடவிச் சிரித்தார்.

அம்மா போத்தலைச் சுடுதண்ணீர்க் கோப்பைக்குள் இறக்கி வைப்பார். எண்ணெய் அடியிலிருந்து மெல்லத் தெளிந்து வரும். நடுவில் ஒரு வெள்ளைக் கட்டி மிதக்கும். அது கரைந்து முடியும் வரைக்கும் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். கரைந்தால் என் தலைக்கு வரும். அது பழைய கதை. அக்கா வருவதற்கு முந்திய கதை.

ஊரில் பெண்களுக்கு எண்ணெய் வைத்து முழுகுகிற நாள் வெள்ளி. இங்கே வெள்ளி வேலை, பள்ளிக்கூடம். அதனால் அம்மா சனிக்கு மாற்றிவிட்டார்.

“சனி எங்கடை நாள்” என்பார் மாமா. “ஆம்பிளையளின்ரை நாளையும் பறிச்சுப் போட்டியள்.”

“உன்ரை மண்டைக்கு எந்த நாளும் ஒண்டுதான்.”

அம்மாவுக்கு ஹோட்டல் ஒன்றில் துணி தோய்க்கிற வேலை. பிளீச் தண்ணீரில் கை. விரல் மடிப்புகள் எல்லாம் வெடித்திருக்கும். சனிக்கிழமை மத்தியானம்தான் அவர் ஓர் இடத்தில் இருப்பார். அப்போதுதான் அந்தக் கை என் தலையில் இருக்கும். சொரசொரவென்று இருக்கும். வெடிப்பில் மயிர் சிக்கி இழுக்கும். எனக்கு அது பிடிக்கும்.

எண்பத்தைந்து பிற்பகுதியில் மாமாவோடு அக்கா வந்து சேர்ந்தாள். வயது பதின்மூன்று. வாசலில் நின்று தொப்பியைக் கழற்றினாள். இரண்டு பின்னல் விழுந்தது. விழுந்தது விழுந்தது, முழங்கால் வரைக்கும் விழுந்தது.

அம்மா வாயில் கைவைத்தார். பிறகு அழுதார். அக்காவின் முகத்தைப் பார்த்து அல்ல. பின்னலைப் பார்த்து. பெரியம்மா கட்டிவிட்ட றிபன் அப்படியே இருந்தது.

அக்கா ஒரு கடிதமும் கொண்டுவந்தாள். அம்மா அதை மூன்று தரம் சத்தமாக வாசித்தார். கடைசி வரிகள் எனக்கு இன்னும் பாடம்.

“என்ரை பிள்ளையின்ரை தலைமயிரை மட்டும் கைவிட்டிடாதை. நான் எப்ப வந்தாலும் அப்பிடியே பாக்கவேணும்.”

பெரியம்மா ஊரில் இருந்தார். பெரியப்பா இல்லை. அந்த மயிர்தான் அவர் பிள்ளையோடு அனுப்பிய சொத்து.

அடுத்த சனிக்கிழமை எண்ணெய்ப் போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்தவள் நான். கரையும் வரைக்கும் காவல் இருந்தவளும் நான். கரைந்ததும் போய் அம்மாவின் காலடியில் இருந்தேன்.

“நீ எழும்பு பிள்ளை. அக்கா இருக்கட்டும்.”

“பிறகு எனக்கோ?”

“உன்ரை தலை கட்டைதானே. உனக்கு ஷம்பூ போதும்.”

என் தலையை முதல் குளிர் காலத்தில் அப்பா வெட்டியிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு முதல் காயாது என்று. தோளுக்குக் கீழே நான்கு விரல் இருந்தது. கட்டை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பொறாமை என்றால் என்ன என்று எழுதுகிறவர்கள் பெரிதாக எழுதுவார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அது வேலை. காலையில் எழும்பி இரவு படுக்கும் வரைக்கும் செய்கிற வேலை. லீவு இல்லை.

அக்கா குனிந்து வீட்டுப்பாடம் எழுதும்போது, பின்னால் இருந்து அடிமட்டத்தை வைத்து அளந்தேன். மூன்று அடிமட்டம், அதற்கு மேலே ஒரு சாண். என்னுடையது முக்கால் அடிமட்டம். அம்மா எத்தனை தரம் சீப்பை இழுக்கிறார் என்று எண்ணினேன். அக்காவின் தலையணையை மணந்து பார்த்தேன். வெந்தயம், எண்ணெய், அம்மாவின் கை மூன்றும் சேர்ந்த மணம். என் தலையணையில் ஷம்பூ மணம். பச்சை அப்பிள் என்று போத்தலில் படம் போட்டிருந்தது.

ஒருநாள் அரைத்த வெந்தயம் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தது. வழித்து ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டுப் பள்ளிக்கூடம் கொண்டுபோனேன். அங்கே மலசலகூடத்தில் வைத்துத் தலையில் பூசினேன். கழுவ நேரம் கிடைக்கவில்லை. வகுப்பில் அது காய்ந்து செதில் செதிலாக மேசையில் கொட்டியது. ரீச்சர் ஜன்னலைத் திறந்தார். வெளியே மைனஸ் பத்து. வகுப்பே என்னைப் பார்த்து நடுங்கியது.

அக்கா கெட்டவள் என்று நினைக்கவேண்டாம். அது எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவள் நல்லவள்.

“சின்னம்மா, தங்கச்சிக்கும் கொஞ்சம் வைச்சுவிடுங்கோவன்” என்று ஒருநாள் சொன்னாள்.

“எனக்கு வேண்டாம்” என்று நான் சொன்னேன்.

அம்மா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. “அவளுக்கு வேண்டாமாம்” என்று சொல்லிவிட்டுச் சீப்பை எடுத்தார்.

தை மாதம் அக்காவின் மயிர் முறியத் தொடங்கியது. நுனி பிளந்தது. சீப்பில் துண்டு துண்டாக வந்தது. அம்மா எண்ணெயைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். தலையணை ஊறியது. மயிர் மட்டும் தும்பு மாதிரியே கிடந்தது. மேலே பளபளப்பு, உள்ளே வறட்சி. அம்மாவுக்குப் பயம் பிடித்துவிட்டது. பெரியம்மாவின் கடிதத்தை எடுத்து எடுத்து வாசித்தார்.

முன்வீட்டு ஜமெய்க்கா அன்ரி வீட்டிலேயே பெண்களுக்குத் தலை பின்னிவிடுகிறவர். சனி ஞாயிறில் அவர் வீட்டு வாசலில் சப்பாத்து வரிசையாக இருக்கும். ஒருநாள் எலிவேற்றரில் அக்காவின் பின்னல் நுனியைப் பிடித்து விரலால் தேய்த்துப் பார்த்தார். இங்கிலிசில் நிறையச் சொன்னார். மாமாதான் வீட்டுக்கு வந்து மொழிபெயர்த்தார்.

“எண்ணெய் ஈரமில்லையாம் அக்கா. தண்ணிதான் ஈரமாம். முதல் தலையை நனைக்கட்டாம். ஈரத்தோடை கத்தாளை வைக்கட்டாம். எண்ணெய் அதுக்கு மேலையாம். அது மூடியாம். நீங்கள் வெறுஞ்சட்டிக்கு மூடி போட்டுக்கொண்டு இருக்கிறியளாம்.”

கடைசி வசனம் அன்ரி சொன்னது இல்லை. மாமாவின் சொந்தச் சரக்கு.

அம்மாவுக்குக் கோபம் வந்தது. “ஏன், எங்களுக்கு எண்ணெய் வைக்கத் தெரியாதாமோ? தேங்காய் எண்ணெயிலை பிறந்து வளந்த ஆக்கள் நாங்கள்.”

அப்பா அரை நித்திரையில் இருந்து எழும்பி வந்தவர். தண்ணீர் குடித்துவிட்டு ஒரு வசனம் சொன்னார்.

“ஊரிலை காத்திலை ஈரம் இருந்தது. இஞ்சை ஆர் தாறது?”

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துவிட்டார். அந்தக் குளிர் காலத்தில் அப்பா சொன்ன பெரிய கதை அதுதான்.

அடுத்த நாள் அன்ரி ஓர் இலை கொண்டுவந்து தந்தார். தடித்த இலை. ஓரத்தில் முள். அவருடைய ஜன்னலில் ஐஸ்கிறீம் வாளிக்குள் வளர்ந்தது.

“எட, உது எங்கடை கத்தாளை!” அம்மா அதைக் குழந்தைப்பிள்ளை மாதிரி வாங்கினார். “கடக்கரை வேலியோரம் கிடக்கும். ஆடும் தின்னாது. இஞ்சை வந்து ஜன்னலிலை இருக்கிறார்.”

வெட்டினால் தோலுக்குக் கீழே இருந்து மஞ்சள் பால் வடியும். அது தலைத்தோலில் பட்டால் கடிக்கும், புண்ணாகும். அதில் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து. வழிதான் வேறு. அன்ரி இலையைக் கிளாசில் நிறுத்தி வைத்து மஞ்சளை வடியவிடச் சொன்னார். அம்மா, தோலைச் சீவி உள்ளே இருக்கிற சோற்றை ஏழு தரம் கழுவவேண்டும் என்றார். ஆறும் இல்லை, எட்டும் இல்லை. ஏன் என்று கேட்டால், “ஏழெண்டால் ஏழு.”

இரண்டு பேரின் சொல்லையும் செய்கிற வேலை எனக்கு வந்தது.

பைப் தண்ணீர் குளிரில் விறைத்துப் போய் வரும். சோறு வழுவழுவென்று கைக்குள் நிற்காது. ஒவ்வொரு தரமும் வடித்து, புதுத் தண்ணீர் விட்டு, அலைந்து, வடிக்கவேண்டும். நாலாம் தரத்தில் விரல் இருக்கிறதா என்று தெரியாது. அம்மா திரும்பிப் பார்க்கமாட்டார். அக்காவின் தலையில் சிக்கு எடுத்துக்கொண்டே, “சத்தமா எண்ணு” என்பார்.

“ஒண்டு.”

தண்ணீர்ச் சத்தம்.

“ரெண்டு.”

ஏழு வரைக்கும். பிறகு, “கொண்டா.”

நனைத்த தலையில் அம்மா அதைக் கைநிறைய எடுத்துப் பூசுவார். வேர் முதல் நுனி வரை. பிறகு அதன்மேல் இளஞ்சூட்டில் எண்ணெய். பிறகு ஹீற்றரில் சூடேற்றிய துவாயால் சுற்றிக் கட்டுவார். அம்மாவின் கை வெடிப்பும் அன்றைக்கு மூடிக்கொள்ளும். தோல் மினுங்கும். திங்கட்கிழமை பிளீச் பட்டதும் திரும்ப வெடிக்கும்.

மாசி முடிவதற்குள் அக்காவின் மயிர் பிழைத்துவிட்டது. பின்னல் பாரமாகத் தொங்கியது. எலிவேற்றரில் அன்ரி அதைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். அம்மா சிரித்தார். மாமா, “சட்டிக்குள்ளை இப்ப சோறு இருக்கு” என்றார். அதைக் கழுவியது ஆர் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பங்குனியில் எங்கள் வகுப்புக்குப் படம் எடுக்கிற நாள் வந்தது. செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்திய வாரம் அம்மா தானாகவே சொன்னார்.

“இந்தச் சனி உனக்குத்தான். படத்திலை தலை பறக்காமல் நிக்கவேணும்.”

ஐந்து நாள் நான் வேறு ஒன்றையும் நினைக்கவில்லை. புதுத் துவாய் ஒன்று எடுத்து வைத்தேன். நீலக் கரை போட்டது. அன்ரியிடம் போய் இலை கேட்டு வாங்கி வந்தேன். செடியில் பெரிதாக ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அதைத் தந்தார்.

வெள்ளிக்கிழமை ஊரில் இருந்து கடிதம் வந்தது. அங்கே சண்டை இறுகிவிட்டது. பெரியம்மா வீட்டைப் பூட்டிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். எப்போது வெளிக்கிடலாம் என்று தெரியாது. அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

சனிக்கிழமை நான் நீலக் கரைத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது, அக்கா அம்மாவின் காலடியில் இருந்தாள்.

“ஒரு இலைதானே பிள்ளை கிடக்கு” என்றார் அம்மா. “இண்டைக்கு அக்காவுக்கு வைப்பம். உனக்கு நான் இருக்கிறன்தானே.”

உனக்கு நான் இருக்கிறேன். அவளுக்கு அவளுடைய அம்மா பக்கத்தில் இல்லை. இதுதான் அதன் அர்த்தம். இப்போது தெரிகிறது. எனக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகு தெரிகிறது. அன்றைக்கு அந்த வசனம் எனக்குப் பச்சைப் பொய்யாகக் கேட்டது. நீ எங்கே இருக்கிறாய்? நீ அவளின் தலையில் அல்லவா இருக்கிறாய்?

துவாயை மடித்து வைத்தேன். சிங்கடிக்குப் போனேன். கத்தியை எடுத்தேன்.

முதலில் சொன்ன இடம் இதுதான்.

இலையை வெட்டினேன். மஞ்சள் வந்தது. கிளாசில் நிறுத்தவில்லை. தோலைச் சீவினேன். சோற்றைக் கோப்பையில் போட்டேன்.

“சத்தமா எண்ணு.”

“ஒண்டு” என்றேன்.

ஏழு வரைக்கும் எண்ணினேன். பைப்பைத் திறந்து, மூடி, திறந்து, ஏழு தரம் தண்ணீர்ச் சத்தமும் கொடுத்தேன். ஆனால் ஏழு தரமும் கோப்பைக்குள் தண்ணீர் போகவில்லை. பாதிக்கு மேலே சிங்கில்தான் ஓடியது. உண்மையில் எத்தனை தரம் கழுவினேன் என்று எனக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது.

“கொண்டா.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா கைநிறைய எடுத்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். அவளுடைய கண்ணிமை வீங்கியிருந்தது.

ஞாயிறு காலையில் அக்கா சொறியத் தொடங்கினாள். மத்தியானம் இரண்டு கையாலும் சொறிந்தாள். திங்கட்கிழமை காதுக்குப் பின்னால் சிவந்து சிறு சிறு பருவாய் எழும்பியிருந்தது.

அதே திங்கட்கிழமை என் வகுப்பில் எல்லாருக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பேன் இருக்கிறதா என்று வீட்டில் பார்க்கச் சொல்லி. கொடுக்காமல் விட்டிருக்கலாம். நான் பையில் இருந்து எடுத்து மாமாவின் கையில் கொடுத்தேன்.

“பேனாம் அக்கா” என்றார் மாமா. “பள்ளிக்கூடத்திலை பேன் ஓடித் திரியுதாம்.”

அம்மா அக்காவைப் பார்த்தார். அக்கா சொறிந்துகொண்டிருந்தாள்.

அவ்வளவுதான். அதற்கு மேலே ஒருவரும் யோசிக்கவில்லை. மாமா கடைக்கு ஓடிப் பேனுக்கு மருந்து வாங்கி வந்தார். புண்ணில் அந்த மருந்து பட்டதும் அக்கா கத்திய சத்தத்துக்கு அப்பா எழும்பி வந்தார். பேன் சீப்பு அந்த மயிருக்குள் இறங்கவில்லை. தொட்டால் கத்தினாள். அம்மாவுக்கு வேலைத்தலத்துப் பயம். ஹோட்டல் துணி தோய்க்கிறவளின் வீட்டில் பேன் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்று நினைத்தார்.

“வெட்டுவம்” என்றார் அம்மா.

“சின்னம்மா, அம்மா பாக்கவேணுமெண்டவ” என்றாள் அக்கா.

“வளரும் பிள்ளை. மயிர்தானே. அம்மா வாறதுக்கிடையிலை வளந்திடும்.”

சமையலறைக் கத்தரிக்கோல். கோழி வெட்டுகிறது. பின்னல் தடித்ததால் ஒரே வெட்டில் போகவில்லை. அம்மா இரண்டு கையாலும் அழுத்தினார். கறக் கறக் என்று சத்தம் வந்தது. முதல் பின்னல் அம்மாவின் கையோடு வந்தது. பிறகு மற்றது. அக்காவின் கழுத்து எவ்வளவு மெல்லியது என்று அன்றைக்குத்தான் எல்லாரும் கண்டோம்.

எனக்குச் சந்தோசம் வந்தது. மறைக்கவில்லை. அரை மணித்தியாலம் இருந்தது.

வெட்டிய பிறகு மாமா ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் தலை முழுக்கப் பார்த்தார். “அக்கா, ஒரு பேனும் இல்லை. ஈரும் இல்லை.”

அம்மா இரண்டு பின்னலையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பிறகு பிஸ்கற் வந்த தகர ரின் ஒன்றைக் கழுவித் துடைத்து அதற்குள் சுருட்டி வைத்தார்.

சத்தம் கேட்டு முன்வீட்டு அன்ரி வந்தார். அக்காவின் தலைத்தோலைப் பார்த்தார். இது பேன் இல்லை என்றார். இலையை நிறுத்தி வைத்தாயா என்று என்னைக் கேட்டார். இங்கிலிசில். அம்மாவுக்கு விளங்காது. மாமா மருந்துப் போத்தலைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போய்விட்டார்.

“யேஸ்” என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துத் திருப்பினார். நகக்கண்ணில் மஞ்சள் இருந்தது. மூன்று நாளாகக் கழுவியும் போகவில்லை. அன்ரி கையை விட்டார். தன் வீட்டுக்குத் திரும்பிப் போனார்.

அன்றிரவு அம்மா என்னையும் காலடியில் இருத்தினார். பேன் பார்க்க. ஒரு மணித்தியாலம் சீப்பை இழுத்து இழுத்துப் பார்த்தார். வெடித்த விரலில் என் மயிர் சிக்கியது. அத்தனை மாதத்துக்குப் பிறகு அம்மாவின் கை என் தலைக்கு வந்தது.

பேன் பார்க்க.

செவ்வாய்க்கிழமை படம் எடுத்தார்கள். என் தலை பறந்துகொண்டு நிற்கிறது.

நான் நினைத்தது நடக்கவில்லை. மயிர் போனால் அம்மா என் பக்கம் வருவார் என்று நினைத்தேன். அம்மா இன்னும் அக்காவோடுதான் இருந்தார். அரிசி வடித்த கஞ்சியை ஆறவைத்துப் பஞ்சில் தொட்டுப் புண்ணில் வைத்தார். ரின்னில் அடைத்த தேங்காய்ப்பாலைக் குளிரவைத்துப் பூசினார். அக்கா அவருடைய மடியில் தலைவைத்துப் படுத்தாள். சனிக்கிழமை மட்டும் இல்லை, ஒவ்வொரு பின்னேரமும்.

அம்மா பெரியம்மாவுக்கு எழுதிய கடிதங்களைத் தபாலில் போடுகிறவள் நான். மூடுவதற்கு முதல் வாசிப்பேன். “பிள்ளையின்ரை தலைமயிர் நல்லாயிருக்கு. யோசிக்காதை.” ஒவ்வொரு கடிதத்திலும் அந்த வரி இருந்தது. படம் அனுப்பவேண்டி வந்தால் தொப்பி போட்டு எடுப்பித்தார். கோடை காலத்தில் படம் எடுக்கவே இல்லை.

அக்காவின் புண் மாறியது. மயிர் திரும்ப வளர்ந்தது. ஆனால் தோளைத் தொட்டால் அவளே வெட்டிக்கொண்டாள்.

“ஏன்டி பிள்ளை?” என்று அம்மா கேட்டார்.

“லேசா இருக்கு சின்னம்மா.”

ஜமெய்க்கா அன்ரி அடுத்த வருசம் ஒஷாவாவுக்குப் போனார். மகனுக்கு அங்கே கார் செய்கிற இடத்தில் வேலை. போகிற நாள் கற்றாழை வாளியை எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். அக்கா எடுத்து ஜன்னலில் வைத்தாள். தண்ணீர் விட்டது நான்.

பிறகு என் தலையை நானே பார்த்தேன். இலையை நிறுத்தி வடியவிட்டேன். சோற்றை ஏழு தரம் கழுவினேன். ஈரத் தலையில் கற்றாழை, அதன்மேல் எண்ணெய். ஒருவரிடமும் கேட்கவில்லை. இரண்டு வருசத்தில் இடுப்பைத் தாண்டியது. ஒற்றைப் பின்னல். அம்மா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, “எப்ப இவ்வளவு வளந்தது?” என்று கேட்டார். அவ்வளவுதான்.

எண்பத்தொன்பது கோடையில் பெரியம்மா வந்தார்.

எயர்போட்டுக்கு எல்லாரும் போனோம். மத்தியானம். அக்காவுக்கு வயது பதினேழு. ஆண்பிள்ளை மாதிரிக் கட்டை மயிர். எனக்குப் பதினாலு. அம்மா பிஸ்கற் ரின்னைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். கதவு திறக்கும் ஒவ்வொரு தரமும் பையைத் தடவினார். “நான் முதல் கதைக்கிறன்” என்று எங்களுக்குச் சொல்லி வைத்தார்.

கதைக்க நேரம் கிடைக்கவில்லை. நான் குனிந்து சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தேன். பின்னல் முதுகில் கிடந்தது. யாரோ பின்னால் வந்து பின்னலைப் பிடித்தார்கள். பிறகு என்னை அப்படியே கட்டிக்கொண்டார்கள். எயர்போட்டே திரும்பிப் பார்க்கிற அழுகை.

“என்ரை பிள்ளை. என்ரை செல்லம். அப்பிடியே வைச்சிருக்கிறாள். அப்பிடியே வைச்சிருக்கிறாள்.”

என் உச்சியை மணந்தார். பின்னலைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்தார். அந்தக் கையும் சொரசொரவென்றுதான் இருந்தது. அம்மாவின் கை மாதிரியே.

நான் திரும்பவில்லை. திரும்பினால் விட்டுவிடுவார் என்று தெரியும். ஒரு நிமிசம் இருக்கும். அந்த ஒரு நிமிசம் நான் அந்தப் பிள்ளையாக இருந்தேன்.

பெரியம்மாவின் கைக்கு மேலால் அக்காவைப் பார்த்தேன். தள்ளி நின்றாள். கை இரண்டும் தொங்கியது. அழவில்லை. அந்த முகம் எனக்குத் தெரியும். அக்கா வந்த நாளில் இருந்து நான் போட்டுக்கொண்டு திரிந்த முகம்.

கடைசியில் அப்பாதான் சொன்னார்.

“மச்சாள், உங்கடை பிள்ளை அங்கை நிக்கிறா.”

பிஸ்கற் ரின்னைப் பெரியம்மா வீட்டுக்கு வந்துதான் திறந்தார். திறந்து பார்த்துவிட்டு மூடினார். அம்மாவோடு இரண்டு மாதம் கதைக்கவில்லை. அம்மா பேனையும் பள்ளிக்கூடக் கடிதத்தையும் சொல்லிச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சாகும் வரைக்கும் அதைத் தன் பிழை என்றுதான் நினைத்தார். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

அந்த ரின் இப்போது இல்லை. அக்கா அஜக்ஸில் வீடு வாங்கிப் போனபோது எங்கேயோ தவறிவிட்டது. கற்றாழை மட்டும் குட்டி போட்டு, குட்டி போட்டு, அவள் சமையலறை ஜன்னலில் நிற்கிறது.

போன மாதம் போயிருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் இப்போது நரை. என் பின்னல் மெலிந்து எலிவாலாகிவிட்டது. அக்காவுக்கு அதே கட்டை மயிர். ஹீற்றர் போட்டுத் தலைத்தோல் காய்ந்துபோய்க் கிடக்கிறது என்றாள். ஓர் இலை வெட்டிக் கிளாசில் நிறுத்தி வைத்தாள்.

“நீ கழுவு. உன்ரை வேலைதானே.”

வடிந்த பிறகு தோலைச் சீவினேன். சோற்றைக் கோப்பையில் போட்டுப் பைப்பைத் திறந்தேன். அக்கா பின்னால் கதிரையில் இருந்தாள். தோளில் துவாய்.

“சத்தமா எண்ணு” என்றாள். சிரித்தாள்.

எண்ணினேன். ஏழும் கழுவினேன். பைப்பை மூடினேன்.

“அண்டைக்கு எத்தனை தரம் கழுவினனீ?” என்று கேட்டாள்.

நான் திரும்பவில்லை.

“தெரியுமோ உனக்கு?”

“நான் நிலத்திலை இருந்தனான். சிங்கிலை விழுற தண்ணிச் சத்தம் வேறை, கோப்பையிலை விழுற சத்தம் வேறை. அண்டைக்கே தெரியும். எத்தனை எண்டுதான் எண்ணேல்லை. சொல்லு.”

கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.

“ரெண்டு.”